பின்னால் திரும்பாத வாட்ச்: பழைய டா வின்சி வாங்கப்போகிறவர்கள் கவனிக்க

சிங்கப்பூரில் செகண்ட் ஹேண்ட் மெக்கானிக்கல் வாட்ச் தேடுபவர்கள், அதிலும் பெர்பெச்சுவல் கேலண்டர் (மாத நாட்களையும் லீப் வருடத்தையும் தானே கணக்கிட்டுத் தேதி காட்டும் வாட்ச்) மேல் ஆசை வைத்திருப்பவர்கள், பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2024 அக்டோபர் 12, சனிக்கிழமை. பழைய மால் ஒன்றின் மாடிக் கடையில் 12,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து, ஐடபிள்யூசி என்ற சுவிஸ் நிறுவனத்தின் டா வின்சி வாட்ச் வாங்கினேன். கேலண்டர் பகுதியை அந்த நிறுவனத்தின் வாட்ச் நிபுணர் குர்ட் கிளாவுஸ் வடிவமைத்து, 1985-இல் வந்த மாடல். தேதி, கிழமை, மாதம், நிலாப் பிறை, நாலு இலக்க வருடம் எல்லாம் பல்சக்கரங்களால் ஒன்றோடொன்று பிணைந்தவை. பிப்ரவரிக்கு 28-ஆ 29-ஆ என்று அதற்கே தெரியும். பிறை ஒரு நாள் பிசக 122 வருடம் ஆகும். இதையெல்லாம் மாதக்கணக்கில் படித்துவிட்டுத்தான் போனேன். போன இடத்தில் பிறையை ரசித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

வாட்ச் ஓடாமல் நின்றிருந்தது. கடைக்காரர் சாவி கொடுத்தார், ஸ்டாப்வாட்ச் பொத்தானை அழுத்திக் காட்டினார். ஃபுல் சர்வீஸ் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். ரசீதைப் பிறகு அனுப்புவாராம். முகப்பு ஜனவரி 4 என்று காட்டியது. "வீட்டில் பக்கத்துத் திருகைத் திருப்பிச் சரி செய்துகொள்ளுங்கள், சுலபம்தான்" என்றார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே உள்ள சின்ன ஜன்னலில் 2025 என்று இருந்ததை நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை என்று நம்ப மனம் வரவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து திருப்பினேன். சாதாரண வாட்சில் தேதியை ஒரு சுற்று சுற்றி எடுப்போமே, அந்தப் பழக்கம். ஒவ்வொரு நாளாக 281 நாள் நகர்த்தி, விரல் நோக, அக்டோபர் 12-க்கு வந்தேன். கிழமை ஞாயிறு என்றது. அப்போதுதான் ஜன்னல் கண்ணில் பட்டது. எதிர்ப்பக்கம் திருப்பினால் எதுவும் அசையவில்லை.

"தம்பி, இது முன்னால் மட்டும்தான் போகும்" என்றார் எனக்குத் தெரிந்த வாட்ச் ரிப்பேர்காரர். வாங்கியபடியே 12 வாரம் நிறுத்தி வைத்திருந்தால், 2025 ஜனவரி 4 வந்ததும் தேதி தானாகப் பொருந்தியிருக்கும். இப்போது ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பிரித்து மாற்ற வேண்டும். பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஆயில் காய்ந்து கிடந்தது. ஒரு மாதத்துக்கு முன் சர்வீஸ் செய்த லட்சணம்! மொத்தச் செலவுக்கு 1,900 வெள்ளி கேட்டார்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். வருடத்தின் முதல் இரண்டு இலக்கம் (நூற்றாண்டு) உள்ள பட்டைக்கு ஓர் உதிரி, 2200-க்கு அப்புறம் மாட்டுவதற்காக, சின்னக் கண்ணாடிக் குழாயில் இந்த மாடலோடு வரும். என் பெட்டியில் அது இல்லை. என் பேரனுக்கே பயன்படாத பொருள்தான், ஆனால் "எல்லாம் முழுசாக இருக்கிறது" என்று சொல்லித்தானே விற்றார்கள்?

கடைக்குத் திரும்பப் போனால், நான்தான் திருகிக் கெடுத்துவிட்டேன் என்கிறார். ரசீது இன்றுவரை வரவில்லை.

இங்கே குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் பழைய பொருளுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்றபோதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும்; இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. 20,000 வெள்ளிக்குள் என்பதால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். மனு போன பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது, 500 வெள்ளி தருகிறேன் என்று. வேண்டாம் என்றுவிட்டேன்.

நீங்கள் வாங்கினால் கடையிலேயே வருட ஜன்னலைப் பாருங்கள். வருடம் முன்னால் போயிருந்தால் திருகைத் தொடாதீர்கள். சர்வீஸ் ரசீது கைக்கு வரும்வரை பணமும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

என் வாட்ச் இப்போது மேசை டிராயரில், அடுத்த வருடத்து ஞாயிற்றுக்கிழமையில் நிற்கிறது.