காசநோயில் எது மேல்: சோதனைகளையும் சிகிச்சை முறைகளையும் அளந்த ஆய்வுகள்

இரண்டு மருத்துவ முறைகளில் எது மேல் என்று கேட்கும்போது, எதை அளந்து மேல் என்கிறோம் என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டும். காசநோய் ஆய்வுகளில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. ஒரு கருவி கிருமியைக் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறது என்று ஓர் ஆய்வு காட்டும். அதே கருவி வந்த பிறகும் நோயாளிகளின் இறப்பு குறையவில்லை என்று இன்னோர் ஆய்வு காட்டும். இரண்டுமே உண்மையாக இருக்கும். முதல் ஆய்வு கருவியை அளந்தது, இரண்டாவது ஆய்வு நோயாளியை அளந்தது என்பதுதான் வேறுபாடு.

நுண்ணோக்கியா, மரபணுச் சோதனையா?

ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்த நாளிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக, சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதே உலகெங்கும் முதன்மைச் சோதனையாக இருந்தது. செலவு குறைவு, பயிற்சி எளிது, அன்றே முடிவு கிடைத்துவிடும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணுக்குத் தட்டுப்படும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சளியில் கிருமிகள் குறைவாகவே இருக்கும் என்பதால், யாருக்கு நோயை விரைவாகக் கண்டறிய வேண்டுமோ அவர்களிடமே இந்தச் சோதனை அதிகம் தவறுகிறது. கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்பதையும் நுண்ணோக்கி சொல்லாது.

இந்தக் குறைகளுக்கு விடையாக வந்தது ஜீன்எக்ஸ்பர்ட். நம் அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்று எழுதியிருப்பது இதைத்தான். சளியை ஒரு கரைசலோடு கலந்து கார்ட்ரிட்ஜில் ஊற்றிக் கருவிக்குள் வைத்தால், கிருமியின் மரபணு இருக்கிறதா என்பதையும், காசநோய்க்கான முதன்மை மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினை எதிர்க்கும் மாற்றம் அதில் உண்டா என்பதையும் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். லிமா, பாகு, கேப் டவுன், டர்பன், மும்பை ஆகிய நகரங்களில் 1,730 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், நுண்ணோக்கியிலும் கிருமி தெரிந்த நோயாளிகளில் 98.2 விழுக்காட்டினரை ஒரே ஒரு முறை செய்த சோதனை கண்டுபிடித்தது. நுண்ணோக்கியில் தெரியாமல், கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் மட்டுமே உறுதியானவர்களில் 72.5 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்தது. நோய் இல்லாதவர்களில் 99.2 விழுக்காட்டினரை இல்லை என்றே சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒப்புதல் அளித்தது. பின்னர் வந்த அல்ட்ரா வகைக் கார்ட்ரிட்ஜ், ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 16 கிருமிகள் இருந்தாலும் பிடிக்கும் அளவுக்குக் கூர்மையானது. முதல் வகைக்கு அந்த அளவு சுமார் 130.

இந்த இரண்டை மட்டும் தட்டில் வைத்தால் போட்டியே இல்லை. ஆனாலும் நுண்ணோக்கியை ஒதுக்கிவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. மரபணுச் சோதனைக்கு உயிருள்ள கிருமி, இறந்த கிருமி என்ற பேதம் கிடையாது. மருந்து தொடங்கிய பிறகும் இறந்த கிருமிகளின் டிஎன்ஏ நெடுநாள் சளியில் வந்துகொண்டிருக்கும் என்பதால், சிகிச்சை பலன் தருகிறதா என்று இடையிடையே பார்ப்பதற்கு இந்தக் கருவி பொருந்தாது. அதற்கு நுண்ணோக்கியையும் வளர்ப்புச் சோதனையையும்தான் நாட வேண்டியிருக்கிறது. மரபணுச் சோதனையின் துல்லியத்தை அளக்கவே வளர்ப்புச் சோதனைதான் உரைகல்லாக வைக்கப்படுகிறது. திட ஊடகத்தில் அதன் முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பதால், நோயாளியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு முடிவெடுக்க அது உதவாது.

கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட்டை உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. ஜீன்எக்ஸ்பர்ட்டுக்குத் தடையில்லா மின்சாரமும் வெப்பம் ஏறாத அறையும் வேண்டும். ட்ரூநாட் மின்கலத்தில் ஓடும், ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக வேலை சற்றுக் கூடுகிறது: மரபணுவைப் பிரித்தெடுப்பது தனிக் கருவியில் நடக்கிறது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பை அறிய இரண்டாவது சோதனைச் சில்லு (சிப்) ஒன்றை வைக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைக்கு ஜீன்எக்ஸ்பர்ட்டும், மின்சாரம் நம்பகமில்லாத ஊருக்கு ட்ரூநாட்டும் என்று பிரித்துக்கொள்வதே என் கணிப்பில் சரியாக இருக்கும். சளி மாதிரி நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து காத்துக் கிடப்பதைவிட, சற்றுக் கூடுதல் வேலை ஒரு பொருட்டே இல்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன முரண்பாட்டுக்கு வருவோம். தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் ஆரம்ப சுகாதார மையங்களில் 1,502 பேரைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு நுண்ணோக்கியும் மறு பிரிவினருக்குச் செவிலியரே இயக்கிய ஜீன்எக்ஸ்பர்ட்டும் செய்து பார்த்த ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஜீன்எக்ஸ்பர்ட் பிரிவில் அன்றே மருந்து தொடங்கியவர்கள் அதிகம். ஆனால் இரண்டு மாதத்திலும் ஆறு மாதத்திலும் நோயாளிகளின் உடல்நிலையை அளந்தபோது இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. காரணம், நுண்ணோக்கிப் பிரிவில் கிருமி தெரியாவிட்டாலும், அறிகுறிகளையும் எக்ஸ்ரேயையும் பார்த்துத் தம் அனுபவத்தை நம்பி மருத்துவர்கள் மருந்து தொடங்கியிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் மட்டும் நடந்து அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு பெரிய ஆய்வும், ஆறு மாத இறப்பைப் பொறுத்தவரை ஜீன்எக்ஸ்பர்ட் வந்ததால் கணிசமான மாற்றம் இல்லை என்றே முடித்தது.

இதை வைத்துக் கருவி வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அனுபவத்தை நம்பி மருந்து தொடங்கும் மருத்துவர் இருக்கும் இடத்தில்தான் அந்த ஆய்வு நடந்தது; அப்படி ஒருவர் இல்லாத ஊரில் கணக்கு வேறாக இருக்கக்கூடும். மேலும், ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமியை எந்த மருத்துவரின் அனுபவமும் கண்டுபிடித்துவிடாது. ஆனால் சோதனை முடிவுக்கும் முதல் மாத்திரைக்கும் இடையில் உள்ள ஓட்டைகளைக் கருவியால் அடைக்க முடியாது என்பதை இந்த ஆய்வுகள் தெளிவாகவே காட்டின.

எக்ஸ்ரேயைப் பழைய முறை என்று சிலர் தள்ளுகிறார்கள். இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் 42.6 விழுக்காட்டு நோயாளிகள் தவறிப்போயிருப்பார்கள். யாருக்குச் சளிச் சோதனை செய்வது என்று தேர்ந்தெடுக்கும் வேலையில் அதற்கு நிகரான மாற்று இன்னும் வரவில்லை.

வீடா, சானடோரியமா?

சிகிச்சை ஒப்பீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது சென்னையில் நடந்ததுதான். 1950களில் காசநோய் என்றால் நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு, சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் தங்கல் என்பதே நடைமுறை. டாக்டர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் இன்றும் ஒரு ரயில் நிலையத்தின் பெயராக நிலைத்திருக்கிறது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் எட்டாத தூரம். ஐசோனியசிட் போன்ற மருந்துகள் கைக்கு வந்துவிட்ட நிலையில், படுக்கை உண்மையிலேயே தேவையா என்பதை அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுவே.

நகரின் நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, பாதிப் பேரை வீட்டிலும் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஐசோனியசிட், பாஸ் என்ற ஒரே இரு மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டுப் பிரிவினர் மருந்தை உண்மையிலேயே உண்கிறார்களா என்று அறிய முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய்ச் சிறுநீரைச் சோதித்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன, எடையும் கூடுதலாக ஏறியது. ஆண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது இரு பிரிவுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன.

இந்த ஆய்வின் பெருமை 92, 86 என்ற எண்களில் இல்லை என்பது என் கருத்து. அவர்கள் நோயாளியோடு நிற்காமல், நோயாளியின் வீட்டாரையும் அளந்தார்கள். வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஒட்டிவிடும் என்பதே சானடோரியத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வலுவான வாதம். அந்த வாதமே இங்கு சோதனைக்கு உள்ளாகித் தோற்றது: வீட்டுப் பிரிவினரின் குடும்பத்தில் நோய் கூடுதலாக வரவில்லை. நோய் கண்டறியப்படும் முன்பே வீட்டாருக்குத் தொற்று பெரும்பாலும் நேர்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியதும் பரவும் தன்மை விரைவில் தணிந்துவிடுகிறது. உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இந்த முடிவும் ஒரு முக்கியக் காரணம்.

தினமுமா, வாரம் மூன்று நாளா?

வாரத்தில் சில நாள் மட்டும் கண்ணெதிரே மருந்து உண்ண வைப்பதும் அதே மையத்தில் சோதிக்கப்பட்ட யோசனைதான். தினமும் மருந்து தந்து நோயாளியின் பொறுப்பில் விட்டால் பலர் இடையில் நிறுத்திவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்றால் ஊழியர் பார்க்க உண்ணச் செய்யலாம். ஊழியர் கண்ணெதிரே மருந்து உண்ண வைக்கும், இந்தியா 1997இல் தொடங்கிய டாட்ஸ் திட்டம் வாரம் மூன்று நாள் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. நிர்வாகக் கண்ணோட்டத்தில் அது புத்திசாலித்தனமான தேர்வு. கிருமியின் கண்ணோட்டத்தில் அப்படியில்லை. எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்த 331 பேரிடம் அதே நிறுவனம் பின்னாளில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் உண்டவர்களில் 91 விழுக்காட்டினர் நல்ல பலன் கண்டார்கள். முதல் கட்டத்தில் மட்டும் தினமும், பிறகு வாரம் மூன்று நாளும் உண்டவர்களில் 80 விழுக்காடு. முழுதும் வாரம் மூன்று நாள் உண்டவர்களில் 77 விழுக்காடு. புதிதாக ரிஃபாம்பிசின் எதிர்ப்பு தோன்றிய நால்வரும் வாரம் மூன்று நாள் பிரிவினர். கண்காணிப்புக் குழு ஆய்வைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டது. நாடு முழுவதும் தினசரி முறை 2017 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இன்னும் முன்னதாகவே வந்திருக்க வேண்டும்.

பல மருந்துகளை எதிர்க்கும் காசநோயில் போட்டி நீண்ட சிகிச்சைக்கும் குறுகிய சிகிச்சைக்கும் இடையில். இருபது மாதத்துக்கும் மேல் நீண்ட பழைய முறையில், செவித்திறனைக் கெடுக்கக்கூடிய ஊசிகளும் நெடுங்காலம் இருந்தன. பெடாகுவிலின், ப்ரெடோமானிட், லினெசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய நான்கையும் சேர்த்து ஆறு மாதத்தில் முடிக்கும் புதிய முறையை பெலாரஸ், உஸ்பெகிஸ்தான், தென்னாப்பிரிக்காவில் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டபோது, மோசமான முடிவு புதிய முறையில் 11 விழுக்காடாகவும் பழைய முறையில் 48 விழுக்காடாகவும் இருந்தது. அந்த 48இல் பெரும்பகுதி, சிகிச்சையை இடையில் கைவிட நேர்ந்த நோயாளிகள் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஆயினும் உண்ண முடியாத சிகிச்சையும் தோற்ற சிகிச்சைதான் என்பதால் அந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். லினெசோலிட் அளவில்தான் உண்மையான இழுபறி இருந்தது: முந்தைய ஆய்வொன்றில் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினருக்குக் கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டன, அளவை 600 ஆகக் குறைத்துப் பார்த்த அடுத்த ஆய்வில் அது 24 விழுக்காடாக இறங்கியது, குணமானவர்களோ 91 விழுக்காடு.

உணவைப் பற்றியும் ஒரு பழைய தீர்ப்பு திருத்தப்பட்டிருக்கிறது. சென்னை ஆய்வில் நல்ல உணவு இல்லாமலும் மருந்து பலித்ததால், காசநோய் ஒழிப்பில் உணவுக்கு இரண்டாம் இடமே என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ரேஷன்ஸ் ஆய்வு வேறு கேள்வியைக் கேட்டது: நோயாளியின் வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? 10,345 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், எல்லா வகைக் காசநோயும் 39 விழுக்காடும், பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடும் குறைந்தன. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு ஏறியவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. சென்னை முடிவு பொய்த்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. உணவைப் பொறுத்தவரை, கிருமி அடங்குவதை அது அளந்தது, இது புது நோயையும் இறப்பையும் அளந்தது.

இறப்பை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் நடைமுறையும் மாறிவிடுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியான அன்றே சுகாதார ஊழியர் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்த ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார். தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார். கடுமையான நிலையில் இருப்பவர் எனத் தெரிந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். சானடோரியத்தை வீடு வென்ற அதே மாநிலத்தில், எல்லாருக்கும் அல்ல, தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் படுக்கை திரும்பி வந்திருக்கிறது.