இரவு இரண்டு மணிக்கு யார் வருவார்? முதியோர் பராமரிப்பில் நான்கு வழிகள், ஒரு செலவுக் கணக்கு

அம்மாவுக்கு 79 வயது. ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு. சென்ற ஆனி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குக் கவலை பிடித்தது. இனி அவரைத் தனியாக விட முடியாது. யாரோடு இருப்பார், எங்கே இருப்பார், அதற்கு மாதம் எவ்வளவு ஆகும்? திருச்சியில் வேலைக்குப் போகும் நானும் வேளச்சேரியில் இருக்கும் அண்ணனும் நான்கு மாதம் அலைந்து விசாரித்தோம். எங்களிடம் சொல்லப்பட்ட தொகைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊருக்கு ஊர் தொகை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. மருந்துச் செலவு எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்பதால் அதை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

முதலில் கையிருப்பு. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் 19,000 ரூபாய். அப்பாவின் ஓய்வுப் பணமும் ஊரில் கொஞ்சம் நிலம் விற்ற தொகையுமாக 30 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறோம். ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு அவ்வளவுதான்; 2023 ஏப்ரலில்தான் 15 லட்சத்திலிருந்து அதை உயர்த்தினார்கள். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500, அதாவது மாதம் 20,500 வருகிறது. ஆக மொத்தம் 39,500. அம்மாவுக்கு 80 நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். ஆனால் ஓய்வூதியப் புத்தகத்தில் பிறந்த தேதி சரியாக இருந்தால்தான் அது தானாகக் கைக்கு வரும். எங்கள் அம்மாவின் பிறந்த தேதி அதில் ஏறவே இல்லை. ஏற்றி வாங்க இரண்டு மாதம் ஆனது. உங்கள் வீட்டுப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

இனி முதல் வழி: வீட்டிலேயே ஆள் வைப்பது. ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு 24,000. அவருடைய சாப்பாட்டுக்கு 3,500. சமையல் செய்து கொடுத்துப் போகும் அம்மாளுக்கு 5,000. டயப்பர் 3,600. பிசியோதெரபிஸ்ட் வாரம் இருமுறை வந்தால், ஒரு தடவைக்கு 500 வீதம் 4,000. கூட்டினால் 40,100. கையிருப்புக்கும் செலவுக்கும் 600 ரூபாய்தான் வித்தியாசம். அம்மா தன் கட்டிலில், தன் துளசி மாடத்தைப் பார்த்தபடி இருப்பார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ஒரு சனிக்கிழமை இரவு நான் அங்கே தங்கினேன். அந்தப் பெண் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார். பகலெல்லாம் வேலை செய்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. கட்டில் கம்பியில் வளையலால் மெல்லத் தட்டினார். பதினொன்றரைக்கு ஒரு முறை, ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு, மூன்றரைக்கு, ஐந்து மணிக்கு. ஐந்து முறையும் அந்தப் பெண் எழுந்து, அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, கழிப்பறைக்கு அழைத்துப் போய்க் கொண்டுவந்து படுக்கவைத்தார். காலையில் இட்லி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் சொக்கியது. அன்றுதான் எனக்கு உறைத்தது. 24,000 என்ற விலை, அந்தப் பெண் இரவில் தூங்குவார் என்று வைத்துப் போடப்பட்ட விலை. தூங்க விடாமல் ஒரு மனுஷியிடம் மாதக்கணக்கில் வேலை வாங்குவது அவருக்குச் செய்யும் அநியாயம்; தூக்கக் கலக்கத்தில் அவர் கை தவறினால் இன்னொரு எலும்பு முறிவு.

இரவு இப்படிக் கலைந்தால் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என இரண்டு ஷிப்ட் வைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 750 வீதம் மாதம் 45,000. இருவரும் சாப்பாடு கொண்டுவந்துவிடுவார்கள் என்று வைத்தாலும், மற்றவை சேர்ந்து 57,600 ஆகிறது. “இரவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வீட்டுப் பெண் ஒருத்தி முன்வந்தால் செலவு பழையபடி இறங்குவதுபோலத் தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா மாமியாருக்காக அப்படித்தான் முன்வந்தார். ஆறு வருடம் முன்னதாகவே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். அந்த ஆறு வருடச் சம்பளத்தை அவர் வீட்டில் யாரும் கணக்கில் எழுதவில்லை.

இரண்டாவது வழி, ஓய்வுக்காலக் குடியிருப்பு. கோயம்புத்தூரில் வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் போனால் இவற்றை நிறையப் பார்க்கலாம். படியில்லாத சாய்தளப் பாதை, பொதுச் சாப்பாட்டுக் கூடம், பஜனை மண்டபம், மேற்கே மலை. எனக்கே அங்கே இருந்துவிடலாம் என்று தோன்றியது. வாடகை 18,000, சாப்பாடும் பராமரிப்பும் 17,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. 35,000தானே என்று ஒப்பந்தத்தைப் பிரித்தால், குடியிருப்பவர் தன் அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்பவராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி. அப்படி இல்லாவிட்டால் ஆளை நாம்தான் வைக்க வேண்டும். அந்த 24,000, டயப்பர், பிசியோதெரபி எல்லாம் சேர்த்தால் ஜி.எஸ்.டி. இல்லாமலே 66,600. இரவும் கலைந்தால் அதற்கும் மேலே. இந்தக் குடியிருப்புகளைக் குறை சொல்லவில்லை. அறுபத்தைந்து வயதில் கணவன் மனைவியாக நடந்து போய்ச் சேர்பவர்களுக்கு இவை அருமையானவை. இடுப்பு முறிந்து 79 வயதில் போகிறவருக்கு இவை ஏற்ற இடமல்ல. வாங்குவதாக இருந்தால், கட்டுமானத் திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதா, பிற்காலத்தில் யாருக்கு விற்கலாம், நடக்க முடியாமல் போனால் வெளியேற்றுவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, உதவியோடு வாழும் பராமரிப்பு மையம். சென்னையில் மூன்று பார்த்தோம். இருவர் தங்கும் அறை 45,000. சாப்பாடு, செவிலியர், இரவு உதவியாளர் எல்லாம் அதில் அடக்கம். டயப்பரும் பிசியோதெரபியும் சேர்த்து 52,600. திரும்பக் கிடைக்கும் முன்பணம் ஒன்றரை லட்சம்.

இரண்டாவது மையத்தில் குளியலறைக்குள் போய் அழைப்பு மணிக் கயிற்றைப் பார்த்தேன். சுவரில் என் தோள் உயரத்தில் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். தரையில் விழுந்து கிடப்பவருக்கு அது எட்டாது. மூன்றாவது மையத்தில் கயிறு தரைவரை தொங்கியது. அனுமதி கேட்டுக்கொண்டு இழுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். ஒரு நிமிடம் ஆவதற்குள் ஒரு பெண் ஓடி வந்தார். இதை ஞாயிறு மாலை போய்ச் செய்யுங்கள். திங்கள் காலை எல்லா இடத்திலும் ஆள் இருப்பார்கள். இரவில் ஒரு உதவியாளருக்கு எத்தனை பேர், உடல்நிலை மோசமானால் கட்டணம் எந்தப் படிக்கு ஏறும், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களுக்கும் முழுக் கட்டணமா என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஓரிடத்தில் ஆம் என்றார்கள்.

அம்மா அங்கே போனால் ஸ்ரீரங்கத்து வீட்டை வாடகைக்கு விடலாம், 12,000 கிடைக்கும். ஆக, கையிலிருந்து போவது 40,600. இரவு நிம்மதியாகத் தூங்கும்வரை வீடே மலிவு. இரவு கலையத் தொடங்கிய பிறகு மையம் மலிவு. ஆனால் துளசி மாடம் இருக்காது, பக்கத்துக் கட்டிலில் முன்பின் தெரியாத ஒருவர் இருப்பார். அதை ரூபாயில் எழுத எனக்குத் தெரியவில்லை.

நான்காவது, அறக்கட்டளைகள் நடத்தும் முதியோர் இல்லம். நாங்கள் போன ஒன்றில் மாதம் 12,000. பதிவுபெற்ற அறக்கட்டளை இல்லங்களில் அறுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 25,000 வரையிலான கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அங்கிருந்த நிர்வாகி அம்மா ஒளிக்காமல் சொன்னார்: நடக்க முடிந்தவரை வைத்துக்கொள்வோம், படுத்துவிட்டால் எங்களுக்குத் தெம்பில்லை. உடம்பு நன்றாக இருந்து, பேச்சுத்துணை மட்டுமே தேவைப்படும் பெற்றோருக்கு நான்கில் இதையே முதலில் சொல்வேன்.

இனி, பணம் வேறு எங்கிருந்து வரும்? வீட்டை அடமானம் வைத்து வங்கியிடமிருந்து மாதாமாதம் பணம் பெறும் ‘மறுதலை அடமானம்’ 2007 முதல் நம் நாட்டில் இருக்கிறது. 60 வயது நிறைந்திருக்க வேண்டும். வரும் தொகைக்கு வருமான வரி இல்லை. ஆனால் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: அந்த வீட்டில் அவர் வசிக்க வேண்டும். நிரந்தரமாக வெளியேறினால் கடன் திருப்பிச் செலுத்த வேண்டியதாகிவிடும். ஆகவே இது முதல் வழிக்குக் கைகொடுக்கும், மையத்துக்குப் போகிறவருக்கு உதவாது. 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் வரை சிகிச்சை என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு விரிவுபடுத்திய ஆயுஷ்மான் திட்டமும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கானது. ஆள் சம்பளம் அதில் வராது.

வீட்டைப் பிள்ளைகள் பேரில் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டுக் கவனிப்பை எதிர்பார்க்கும் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். எழுதியிருந்தால், கவனிக்காதபோது 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். அதே சட்டத்தின் கீழ் கோட்டாட்சியரிடம் வக்கீல் இல்லாமலே ஜீவனாம்சமும் கேட்கலாம். சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு மாதம் 10,000. மேலே உள்ள கணக்குகளில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

பணமாக வராமல் செலவைக் குறைப்பவை உள்ளூரிலேயே இருக்கின்றன. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்பது பலருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கு வந்து பிசியோதெரபியும் வலிநிவாரணப் பராமரிப்பும் தருவார்கள் என்பது தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். நாங்கள் பதிந்த பிறகு வாரத்தில் ஒரு முறை பிசியோதெரபிக்குக் கொடுக்கும் பணம் மிச்சம், மாதம் 2,000. வருமானம் குறைந்தவர்களுக்கு வாக்கர், சக்கர நாற்காலி, காதுக் கருவி ஆகியவற்றை மத்திய அரசின் வயோஸ்ரீ முகாம்களில் இலவசமாகத் தருகிறார்கள். பகலில் மட்டும் வீட்டில் ஆள் இல்லாத குடும்பங்களுக்காக 2025-26 பட்ஜெட்டில் 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்களை மாநில அரசு அறிவித்தது. எது எங்கே என்று கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. 2021இல் நம் மாநிலத்தில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைக் கடந்தவர்கள். 2031இல் அது 18.2 ஆகும் என்பது மத்தியப் புள்ளியியல் துறையின் மதிப்பீடு. இந்த 25 எந்த மூலைக்குப் போதும்? ஒன்றியத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

அம்மா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். இரவுக்கு வாரம் இரண்டு நாள் தனி ஆள் வருகிறார். மற்ற நாட்களில் தங்கியிருக்கும் பெண்ணே பார்த்துக்கொள்கிறார், அவர் மதியம் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது எங்கள் ஏற்பாட்டின் பகுதி. கயிறு தரைவரை தொங்கிய அந்த மையத்தில் பெயர் கொடுத்து வைத்திருக்கிறோம். கட்டில் தலைமாட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு. வளையல் சத்தம் கேட்கும் நேரத்தை அந்தப் பெண் அதில் எழுதுகிறார். ஒரே இரவில் நான்குக்கு மேல் என்பது வாரத்தில் நான்கு நாள் வந்துவிட்டால் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுவது என்று அண்ணனும் நானும் முடிவு செய்திருக்கிறோம். சென்ற வாரம் இரண்டு நாள்.