மெட்டீரியல்ஸ் புராஜெக்ட்: கோட்டிங் போடுகிறவரின் பார்வையில்

வெட்டுக் கருவிகளின் மேல் சில மைக்ரான் கனத்துக்குக் கடினப் பூச்சு ஏற்றுவது என் தொழில். டைட்டேனியம் நைட்ரைடு, குரோமியம் நைட்ரைடு, டைட்டேனியம் அலுமினியம் நைட்ரைடு என்று மூன்று பெயர்களைச் சுற்றியே பிழைப்பு ஓடுகிறது. பூச்சு ஏற்றும் நாங்கள் ஓரிடம், எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அணு அமைப்பை அறியும் சோதனை) எடுப்பவர்கள் வேறிடம், கணினியில் கணக்குப் போடும் நண்பர் இன்னொரு நேர மண்டலம். நான் கேள்வி அனுப்பினால் அவர் தூங்கி எழுந்துதான் பதில் வரும். இப்படிச் சிதறிக் கிடக்கும் குழுவுக்கு மெட்டீரியல்ஸ் புராஜெக்ட் எவ்வளவு தூரம் உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதுதான் இந்த விமர்சனம்.

அறியாதவர்களுக்கு ஒரு வரி: கனிமச் சேர்மங்களின் பண்புகளை டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி என்ற குவாண்டம் முறையில், சுருக்கமாக டிஎஃப்டியில், கணக்கிட்டு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் தரவுத்தளம் இது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கிறிஸ்டின் பெர்சன் தலைமையில் 2011 முதல் இயங்குகிறது. இன்று 1,50,000-க்கும் அதிகமான சேர்மங்கள் அதில் இருக்கின்றன. ஒரு மின்னஞ்சல் முகவரி போதும், உள்ளே போய்விடலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது எண்கள்கூட இல்லை, அடையாளக் குறிகள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எம்பி எண் உண்டு. சிலிக்கனுக்கு எம்பி-149, வைரத்துக்கு எம்பி-66. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மூன்று இடங்களில் இருப்பவர்கள் 'அலுமினியம் நைட்ரைடு' என்று பேசும்போது ஒருவர் மனதில் அறுகோண வூர்ட்சைட் அமைப்பும் இன்னொருவர் மனதில் உப்புக்கல் போன்ற கனசதுர அமைப்பும் ஓடினால் என்ன ஆகும்? இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும், கூட்டம் மட்டும் முடியாது. எண்ணைக் குறிப்பிட்டுவிட்டால் அந்தச் சண்டைக்கு இடமில்லை. எங்கள் குழுவில் இப்போது எந்தக் கோப்பிலும் சேர்மத்தின் பெயருக்குப் பக்கத்தில் எம்பி எண் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவோம். நிர்வாகம் போட்ட விதி இல்லை, எரிச்சலில் நாங்களே போட்டுக்கொண்டது.

அடுத்தது பைமேட்ஜென். இந்தத் தரவுத்தளத்தோடு சேர்ந்தே வளர்ந்த பைத்தான் நூலகம். ஷ்யூ பிங் ஓங் தொடங்கியது, இன்று பலர் கை வைத்து கிட்ஹப்பில் பராமரிக்கப்படுவது, எம்ஐடி உரிமத்தில் கிடைப்பது. பொருளறிவியல் படித்த எங்களில் பலருக்கு நிரலாக்கம் ஒரு ஒட்டுப்போட்ட திறமைதான். அப்படிப்பட்டவர்களும் பத்துப் பதினைந்து வரி எழுதி, ஒரு தனிமக் குடும்பத்தின் அத்தனை சேர்மங்களையும் இறக்கி, ஆற்றல் வாரியாக வரிசைப்படுத்தி, கட்டவரைபடம் (எந்தக் கலவையில் எந்தக் கட்டம், அதாவது எந்தப் படிக அமைப்பு, நிலைக்கும் என்று காட்டும் படம்) வரைந்துவிட முடிகிறது. முக்கியமான விஷயம், என் நண்பர் எழுதிய வரிகள் என் கணினியிலும் அதே விடையைத் தருகின்றன. 'என் எக்செல்லில் வேறு வருகிறதே' என்ற பழைய பாட்டு இப்போது குறைந்திருக்கிறது.

ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தரவுத்தளத்தோடு நம் நிரல் பேசும் வழியான ஏபிஐ ஒருமுறை முழுதாக மாற்றப்பட்டிருக்கிறது. பழைய முறையில் எழுதப்பட்ட பாடங்களும் எடுத்துக்காட்டுகளும் இணையம் முழுக்க இன்னும் கிடக்கின்றன. புதிதாக வருபவர் எம்பி-ஏபிஐ என்ற புதிய தொகுப்பின் ஆவணத்திலிருந்தே தொடங்குவது நல்லது. தேடுபொறி முதலில் காட்டுவதை நம்பினால் வேலை செய்யாத நிரல்தான் கையில் கிடைக்கும்.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம். இங்கேதான் பட்டறைக்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

முதல் பொறி மிகச் சாதாரணமானது. ஒரு பொருளின் அமைப்புக் கோப்பை இறக்கும்போது பிரிமிட்டிவ் செல் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அலகு) வேண்டுமா, கன்வென்ஷனல் செல் (வழக்கமாகக் காட்டும் பெரிய அலகு) வேண்டுமா என்று ஒரு தேர்வு வரும். டைட்டேனியம் நைட்ரைடின் லேட்டிஸ் பாராமீட்டர், அதாவது அந்தப் பெரிய அலகின் பக்க நீளம், 4.24 ஆங்ஸ்ட்ராம் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். பிரிமிட்டிவ் கோப்பைத் திறந்தால் 3-ஐ ஒட்டிய எண் தெரியும். வர்க்கமூலம் இரண்டால் வகுத்த அதே தூரம்தான் அது, பிழை ஒன்றும் இல்லை. புதிதாகச் சேரும் பொறியாளர்கள் 'தளம் தப்பு' என்று அறிக்கை எழுதுவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பொறி நுட்பமானது, அதனால் ஆபத்தும் அதிகம். தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கிட்ட எக்ஸ்ஆர்டி படம் இருக்கிறது. தாமிர கே-ஆல்ஃபா என்ற எக்ஸ் கதிருக்கு எந்தக் கோணத்தில் பீக் (கதிர் வலுவாகத் திரும்பும் உச்சி) வரும் என்று அழகாகக் காட்டும். நம் அளவீட்டை அதன் மேல் வைத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பார்க்கலாம், எந்தக் கட்டம் உருவாகியிருக்கிறது என்று அடையாளம் காண அது போதும். ஆனால் தளம் நீண்ட காலமாகப் பயன்படுத்திவரும் ஜிஜிஏ என்ற டிஎஃப்டி வகைக் கணக்கீடு பெரும்பாலான சேர்மங்களில் லேட்டிஸ் பாராமீட்டரைச் சற்றுக் கூட்டியே சொல்லும் இயல்புடையது. ஓரிரு சதவீதம் வரைகூடப் போகலாம். அணுத்தள இடைவெளி கூடினால் பீக் குறைந்த கோணத்துக்கு நகரும்.

எங்கள் பூச்சுகளில் அமுக்கத் தகைவு, அதாவது பூச்சைப் பக்கவாட்டில் நெருக்கும் உள் அழுத்தம், எப்போதும் இருக்கும். பக்கவாட்டில் அழுத்தப்பட்ட படலம் செங்குத்துத் திசையில் விரிந்து கொடுப்பதால், அளவீட்டிலும் பீக் குறைந்த கோணத்துக்கே நகரும். ஆக இரண்டு நகர்வுகளும் ஒரே பக்கம். கணக்கிட்ட மதிப்பைத் தகைவற்ற நிலை என்று எடுத்துக்கொண்டு தகைவைக் கணக்கிட்டால், உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக வரும். குறைவான தகைவு என்பது கேட்க நல்ல செய்தி, அதனால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பூச்சு ஓரத்தில் உரிந்து வரும்போதுதான் கேட்பார்கள். தகைவுக்கு ஒப்பீடு வேண்டுமென்றால் பவுடர் சாம்பிளின் அளவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் புதிய கணக்கீடுகளில் ஆர்2ஸ்கேன் என்ற மேம்பட்ட முறை வந்திருக்கிறது. இந்த விலகல் அதில் குறைவு என்றாலும் என் ஆலோசனை அதுவேதான்.

பேண்ட் கேப் (மின்சாரம் கடத்த எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) பற்றி ஒரு வரி போதும். சிலிக்கனுக்கு அளவீட்டில் 1.1 எலக்ட்ரான் வோல்ட், தளத்தில் சுமார் 0.6. இந்தக் குறை டிஎஃப்டியின் இந்த வகைக்கே பிறவியில் உள்ளது, தளமும் அதை மறைக்கவில்லை. குறைக்கடத்திக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள், எனக்கு இதில் பெரிய வேலை இல்லை.

நான் அதிகம் பேச விரும்புவது 'எனர்ஜி அபவ் ஹல்' என்ற எண்ணைப் பற்றி. ஹல் என்பது மிக நிலையான கட்டங்களை இணைக்கும் எல்லை. ஒரு சேர்மம், அதே தனிமங்களால் ஆன மற்ற எல்லாக் கட்டங்களோடும் ஒப்பிட்டால் எவ்வளவு ஆற்றல் அதிகமாக வைத்திருக்கிறது என்பதை இது சொல்கிறது. பூஜ்யம் என்றால் நிலையானது. பூஜ்யத்துக்கு மேல் போகப் போக, அது வேறொன்றாகப் பிரியும் ஆசை கூடுகிறது. நிரலாக்கத்திலிருந்து இந்தத் துறைக்கு வரும் இளைஞர்கள் இந்த எண்ணைப் பாஸ்-ஃபெயில் மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு, பூஜ்யத்துக்கு மேல் இருப்பதையெல்லாம் பட்டியலிலிருந்து தூக்கிவிடுகிறார்கள்.

அப்படித் தூக்கினால் என் தொழிலே போய்விடும். கனசதுர அலுமினியம் நைட்ரைடு ஹல்லுக்குக் கணிசமாக மேலே உட்கார்ந்திருக்கும் கட்டம். டைட்டேனியம் நைட்ரைடுக்குள் அலுமினியத்தைத் திணித்து, உலோக அணுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அலுமினியமாகும் வரை கனசதுர அமைப்பைக் காப்பாற்றி வைப்பதுதான் டைட்டேனியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சின் மொத்தச் சாமர்த்தியமும். வெட்டும்போது கருவி முனை 800, 900 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டும். அப்போது பூச்சுக்குள்ளேயே அலுமினியம் அதிகமுள்ள பகுதியும் டைட்டேனியம் அதிகமுள்ள பகுதியும் நானோ அளவில் பிரிந்து கடினத்தன்மை ஏறும். இன்னும் சூடேறினால் அலுமினியப் பகுதி வூர்ட்சைட்டாக மாறும், கடினத்தன்மை சரியும். நிலையற்ற ஒன்றை வைத்துக்கொண்டு, அது நிலைபெறப் போகும் வழியில் பாதியிலேயே வேலை வாங்கிக்கொள்கிறோம். வைரமும் அப்படித்தான் ஹல்லுக்கு மேலே. எஃகில் இருக்கும் சிமென்டைட்டும் இரும்பும் கிராஃபைட்டுமாகப் பிரிய விரும்பும் ஒன்றுதான்.

இதே தரவுத்தளத்தை வைத்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஏற்கெனவே பரிசோதனையில் அறியப்பட்ட கட்டங்களில் ஏறத்தாழப் பாதி இப்படி ஹல்லுக்கு மேலே இருப்பவைதான் என்று காட்டியது. அவற்றில் பத்தில் ஒன்பது, ஓர் அணுவுக்கு 67 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த எண்ணைப் பக்கத்திலேயே சிறு குறிப்பாகப் போட்டால் பலரது நேரம் மிச்சமாகும். தளத்துக்கு என் முதல் விண்ணப்பம் அதுதான்.

கட்டவரைபடத்திலும் உலோகவியலாளர்கள் ஏமாறாமல் இருக்க வேண்டும். அங்கே இருப்பது பூஜ்ய கெல்வின் வரைபடம். இரும்பு-கார்பனைப் போட்டு கட்டம் மாறும் புள்ளிகளான 727 டிகிரி யூடெக்டாய்டையும் 1147 டிகிரி யூடெக்டிக்கையும் தேடினால் கிடைக்காது. திரவமே கிடையாது, திடக்கரைசலும் கிடையாது. வெப்பநிலை சார்ந்த வரைபடத்துக்கு, வெப்ப இயக்கவியல் தரவிலிருந்து கணக்கிடும் கால்ஃபாட் முறை மென்பொருள்கள்தான் வழி. மீள்தன்மை மாறிலிகள் பரவாயில்லை. பருமக் குணகத்துக்கும் சறுக்குக் குணகத்துக்கும் ஃபாய்க்ட், ராய்ஸ், ஹில் என மூன்று சராசரிகளும் தருகிறார்கள், நானோ இன்டென்டேஷன் (நுண்ணிய முனையால் அழுத்தி அளக்கும் சோதனை) முடிவைச் சரிபார்க்க அது நல்ல துணை. கடினத்தன்மை கேட்டு வராதீர்கள். கடினத்தன்மை படிகத்துக்கு மட்டும் சொந்தமான பண்பு இல்லை, துகள் அளவும் குறைபாடுகளும் செய்முறையும் சேர்ந்து தீர்மானிப்பது.

செய்முறை என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் இந்தச் சேவையின் பெரிய வெற்றிடம் இருக்கிறது. ஒரு பூச்சு நன்றாக வந்ததா இல்லையா என்பதை பயஸ் வோல்டேஜ் (பூச்சு ஏறும் கருவிக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்), நைட்ரஜன் அழுத்தம், பூச்சு ஏற்றும் அறையின் வெப்பநிலை, முந்தைய ஓட்டத்தில் அறைச்சுவரில் என்ன படிந்தது என்பதெல்லாம் முடிவு செய்கின்றன. அந்த விவரங்களைப் பகிர ஓர் இடம் இருந்தால் எங்கள் தொழிலே மாறிவிடும். எம்பிகான்ட்ரிப்ஸ் என்ற பகுதியில் பயனர்கள் தங்கள் சொந்தத் தரவை ஏற்றி எம்பி எண்ணோடு இணைக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் தொழிற்சாலைக்காரர் யார் ஏற்றுவார்கள்? நாங்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தங்களை அடுக்கினால் மேசைக்கு ஒரு கால் தேறும். தோல்வியுற்ற ஓட்டங்களையாவது கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். 'தோல்வியைத்தான் முதலில் பூட்டி வைக்க வேண்டும்' என்றார் மேலே இருப்பவர். பரிசோதனைத் தரவைச் சேர்த்து வைக்க ஐரோப்பாவின் நோமட் இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது. தரவுக்கு டிஓஐ எண் (மேற்கோள் காட்ட உதவும் நிலையான அடையாளம்) தருகிறார்கள். சொந்த ஆய்வகத்திலேயே நிறுவிக்கொள்ள நோமட் ஒயாசிஸ் என்ற வடிவமும் இருக்கிறது, பூட்டி வைக்க விரும்புபவர்களுக்கும் அது ஒத்துவரும்.

மற்ற தளங்களோடு ஒப்பிட்டால்? ஏஃப்ளோ, ஓக்யூஎம்டி, ஜார்விஸ் என்று இதே வகையில் இன்னும் சில உண்டு. ஒரே பொருளுக்கு அவை ஒவ்வொன்றும் சற்றே வேறு எண் சொல்லும், ஏனென்றால் கணக்கீட்டு அமைப்புகள் வேறு. எனவே இரண்டு தளங்களின் ஆற்றல் எண்களை ஒன்றோடொன்று கழிக்காதீர்கள். ஆனால் தேடுவதற்கு ஆப்டிமேட் என்ற பொது நெறிமுறை வந்தபின் ஒரே கேள்வியை எல்லாத் தளங்களிடமும் கேட்க முடிகிறது. பல நாடுகளின் குழுக்கள் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட வடிவம் அது. போட்டியாளர்கள் ஒரே மொழியில் பதில் சொல்லச் சம்மதிப்பது எங்கள் துறையில் அடிக்கடி நடப்பதில்லை. நான் முன்பு பயன்படுத்திய ஒரு கட்டணச் சேவை (பெயர் வேண்டாம்) தரவை வெளியே எடுக்கவே விடாது, திரையைப் படம் பிடித்துத்தான் நண்பருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதைப் பார்த்தவன் என்பதால் இந்தத் திறப்பின் மதிப்பு எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது.

உரிமத்தையும் கவனியுங்கள், நிறுவனத்தில் இருப்பவர்கள் குறிப்பாக. தளத்தின் பெரும்பகுதித் தரவு சிசி பிஒய் 4.0-இல் வருகிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், வணிகத்துக்கும் தடையில்லை. ஆனால் கூகுள் டீப்மைண்ட் 2023-இல் அறிவித்த க்னோம் தொகுப்பு வணிகம் சாரா உரிமத்தில் வெளியானது. 22 லட்சம் படிக அமைப்புகளைக் கணித்ததாகவும், அவற்றில் 3,80,000 மிக நிலையானவை என்றும் அறிவித்தார்கள். எண் பெரிதுதான். எதையாவது உலையில் ஏற்றுமுன் அது எந்த மூலத்திலிருந்து வந்தது, எந்த உரிமம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப் பிரிவுக்காரர்கள் உலை சூடான பிறகுதான் வருவார்கள்.

யாருக்கு இது? ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புதுப் பூச்சு, புது பேட்டரிப் பொருள், அரிப்பு என்று முதல் வடிகட்டலில் இருக்கும் பொறியாளர்களுக்கும் சொல்வேன். அரிப்புக்காரர்களுக்கென்று பூர்பே வரைபடக் கருவி (எந்த அமிலத்தன்மையில், எந்த மின்னழுத்தத்தில் பொருள் நிலைக்கும் என்று காட்டுவது) தனியாகவே இருக்கிறது. உற்பத்தித் தரக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவருக்கு அன்றாட உபயோகம் குறைவு. அப்புறம், எந்த எண்ணை எடுத்தாலும் எம்பி எண்ணோடு தரவுத்தளப் பதிப்பையும், எடுத்த தேதியையும் எழுதி வையுங்கள். பதிப்பு மாறும்போது திருத்தங்கள் மாறும், ஹல் மாறும், போன ஆண்டு பூஜ்யமாக இருந்தது இந்த ஆண்டு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதில்லை.