பெட்டியில் சில்லு இல்லை: கண்காட்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கண்ணாடி உடையும். இது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே கண்ணாடியில் வேலை செய்கிறவனை ஏமாற்றுவது சுலபம். "உடைஞ்சிருச்சு சார்" என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. நானே முதல் இரண்டு நாள் கேட்கவில்லை.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் என்ற ஊரில் சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் கண்ணாடி வெட்டி ஃப்ரேம் போடுவது என் தொழில். கடை மூடிய பிறகு பின்கட்டில் சிற்பம் செய்வேன். கரையில் ஒதுங்குவதுதான் சரக்கு: பாட்டில், உடைத்துப் போட்ட வள்ளத்துப் பலகை, துருப்பிடித்த ஆணி, வலையிலிருந்து கழன்ற மிதவை, ஈயக்குண்டு, கயிறு. எங்கள் பக்கத்தில் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அலை உருட்டித் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி எனக்குப் பெரும்பாலும் ஆண்கடல் பக்கம்தான் கிடைக்கிறது. வடக்கே போனால் பாட்டில் முழுசாகவே கிடக்கும், சில நேரம் சிங்கள எழுத்தோடு.

போன வருடம் சென்னையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. மூன்று நாள் கண்காட்சியாம், கடலோரக் கலைஞர்களுக்காகவாம், என் வேலைகளை நடுவர் குழு தேர்ந்தெடுத்திருக்கிறதாம். நான் விண்ணப்பமே போடவில்லை. அப்புறம் நடுவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்? அன்றைக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை, சந்தோஷம்தான் தோன்றியது. ஒவ்வொரு சிற்பத்துக்கும் தனிப் பீடம், தனி விளக்கு, காப்பீடு, திருப்பி அனுப்பும் லாரிச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பங்கேற்புக் கட்டணம் 15,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 17,700. ஜிபேயில் போட்டேன். ரசீது வாட்ஸப்பில் படமாக வந்தது. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை.

ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது என்று யாருக்கும் காட்டும். இதெல்லாம் இப்போது தெரிந்தது. எண்ணே இல்லாத ரசீதுக்கு 2,700 ரூபாய் வரி கட்டியவன் நான்.

இன்னொரு அறிகுறியும் அப்போதே கண்ணில் பட்டது. "சார், கொஞ்சம் பவளம், பெரிய சங்கு எல்லாம் வெச்சுப் பண்ணீங்கன்னா இங்க நல்லாப் போகும்" என்றார் ஏற்பாட்டாளர். எங்கள் கடலில் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவு இருக்கிறது, 1986-இல் அறிவித்தது. பாறை கட்டும் பவளம் எல்லாமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கரையில் செத்து ஒதுங்கியதுதானே என்று எடுத்தாலும் வழக்குதான். சங்கிலும் எடுக்கக் கூடாத வகை உண்டு. முடியாது என்றேன். "ஓகே சார், ஓகே" என்று சிரித்தார். கடற்கரைக் கலைஞர்களுக்குக் கண்காட்சி நடத்துகிறவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அன்றைக்கே போனை வைத்திருக்க வேண்டும்.

நாலு சிற்பம் அனுப்பினேன். பெண்கடல், மிதவை, அறுபத்தொரு நாள், கச்சான். கடைசி இரண்டையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இங்கே விசைப்படகு கடலுக்குப் போகாது. தடைக்காலம், 61 நாள். அந்தக் கணக்குக்கு 61 பாட்டில் அடிப்பாகங்களை வட்டமாக வெட்டி, தண்ணீருக்குள் வைத்து வைரப் பிட்டால் துளை போட்டு, வலை நூலில் கோத்துத் தொங்கவிட்டதுதான் அறுபத்தொரு நாள்.

கச்சான் எங்கள் ஊர்க் காற்று, ஆடியில் மணலை வாரி முகத்தில் அடிக்கும் தென்மேற்குக் காற்று. பச்சை பாட்டிலை நெடுக்காகப் பிளந்தால் பாதி பாட்டில் காற்று குடித்த பாய் மாதிரி வளைந்து நிற்கும். அப்படி 34 ஏடு, வள்ளத்துப் பலகையில் காடி வெட்டி வரிசையாக நிறுத்தியது. பலகையின் உப்பு போக மூன்று வாரம் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டேன். குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் ஊரில் பலகையைக் குளிப்பாட்டுகிறான் என்று தெருவே சிரித்தது. ஆனால் உப்பு போகாவிட்டால் ஆணி உள்ளுக்குள் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். பலகை ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், கண்ணாடி அதோடு சேர்ந்து நகராது. அதனால் கெட்டிப் பசை ஆகாது. சிலிகான்தான் போடுவேன், அதிலும் வினிகர் வாடை அடிக்காத வகை. வாடை அடிப்பது ஆணியை அரிக்கும். சிலிகானில் உட்கார்ந்த ஏடு தானாகக் கழன்று விழாது. உடைந்தால்தான் போகும், அப்படியே உடைந்தாலும் அடித்துண்டு காடியிலேயே நிற்கும்.

ஒவ்வொரு சிற்பத்துக்கும் அடியில் பெயர், வருடம், எடை எழுதுவது என் வழக்கம். கச்சான் 11 கிலோ 200 கிராம். நாலையும் தனித்தனி பிளைவுட் பெட்டியில் ஸ்பாஞ்ச் வெட்டி அடக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து, ராமநாதபுரத்தில் லாரி பார்சலில் போட்டேன். ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. முதல் நாள் காலை என் கையால் பிரித்தேன். அப்போதுதான் போட்டோ எடுக்கவில்லை. பீடத்தில் வைத்து, என்ன நிலையில் ஒப்படைத்தேன் என்று ஒரு தாளில் எழுதி, அவர் கையெழுத்தை வாங்கியிருக்க வேண்டும். அந்த ஒரு தாள் இல்லாததால்தான் இன்றைக்கு இவ்வளவு அலைச்சல்.

பீடம் என்று சொல்லியிருந்தார்களே, அது கல்யாண மண்டபத்து மடக்கு மேசை. மேலே வெள்ளைத் துணி. கை வைத்தால் ஆடியது. தனி விளக்குக்குப் பதில் கூரையில் டியூப் லைட். கண்ணாடிக்கு வெளிச்சம் பின்னாலிருந்தோ கீழிருந்தோ வர வேண்டும், அப்போதுதான் உள்ளே நிறம் எரியும். நேர் மேலேயிருந்து டியூப் லைட் அடித்தால் கச்சான் வெறும் பாட்டில் குவியல்தான். பக்கத்திலேயே டீயும் சமோசாவும் வைத்த மேசை, நடுவில் ஓடி விளையாடும் பிள்ளைகள். இடத்தை மாற்றித் தரச் சொன்னேன். "ஈவினிங் மாத்திடறோம் சார்." மாற்றவில்லை. பக்கத்தில் பனையோலை வேலை வைத்திருந்த வேம்பார்க்கார அம்மா மட்டும் தன் பழைய சேலையைச் சுருட்டி என் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார். நான் அங்கே இருந்த இரண்டு நாளில் யாராவது எனக்காக ஒன்று செய்தார்கள் என்றால் அது அதுதான்.

இரண்டாம் நாள் ராத்திரி ரயிலில் திரும்பிவிட்டேன், கடையை எத்தனை நாள் பூட்டி வைப்பது? அன்று மாலை ஒருவர் மிதவைக்கு விலை கேட்டிருந்தார், 22,000 சொல்லியிருந்தேன்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. "சார், ட்ரான்ஸ்போர்ட்ல கொஞ்சம் டேமேஜ் ஆயிருக்கலாம், பாத்துக்கோங்க." பெட்டி வந்து சேரும் முன்பே இந்தப் போன். அதுவும் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

மூன்று பெட்டி வந்தது. நான் வெட்டி வைத்த ஸ்பாஞ்ச் இல்லை, கசக்கிய செய்தித்தாளும் விளம்பர நோட்டீஸும் திணித்திருந்தார்கள். பெண்கடல் முழுசாக இருந்தது. அறுபத்தொரு நாளை எண்ணினேன். 54. இன்னொரு முறை எண்ணினேன். 54. நூல் மூன்று இடத்தில் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. கச்சானில் 31 ஏடுதான் நின்றது. சரி, உடைந்துவிட்டது, கண்ணாடிதானே என்று ஒரு ஓரமாக வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சில்லு ஒட்டியாவது பார்ப்போம் என்று வெள்ளை வேட்டியை விரித்து, பெட்டியைக் கவிழ்த்து, தாள் ஒவ்வொன்றாக உதறினேன். ஏழு வட்டம் உடைந்திருந்தால், மூன்று ஏடு உடைந்திருந்தால், ஒரு சட்டி சில்லாவது கொட்ட வேண்டும். விழுந்தது ஒரு கரண்டி பொடி. ஆணி அடித்து மூடிய பெட்டிக்குள் உடைந்த கண்ணாடி பெட்டிக்குள்தானே கிடக்கும்? எங்கே போகும்?

கச்சானைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் மீன் ஏலம் எடுக்கும் அக்காவிடம் போனேன். "என்ன தம்பி, பாட்டிலை எல்லாம் எடை போடுறீக?" என்று கேட்டுக்கொண்டே இறால் கூடையை இறக்கிவிட்டு மின்தராசைத் துடைத்துக் கொடுத்தார். 10 கிலோ 580 கிராம். 620 கிராம் கண்ணாடி சென்னையிலேயே இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து வெயிலில் திருப்பிப் பார்த்தால், நின்ற ஏடுகளில் இரண்டின் அடியில் வெள்ளையாகப் பூசணம் பூத்த மாதிரி இருந்தது. அது பூசணம் இல்லை. நிமிடத்தில் ஒட்டும் பசையின் ஆவி கண்ணாடியில் படிந்தால் அப்படித்தான் வெளுக்கும். என் பட்டறையில் அந்தப் பசையே கிடையாது. அதாவது ஹாலில் யாரோ மேசையை இடித்திருக்கிறார்கள், கச்சான் சரிந்திருக்கிறது, நின்றதை அவசரமாக ஒட்டியிருக்கிறார்கள், மிச்சத்தைக் கூட்டிப் பெருக்கித் தள்ளியிருக்கிறார்கள். லாரி உடைத்த பொருளை லாரிக்காரர் பசை போட்டு ஒட்டிக் கொண்டுவருவாரா?

மிதவை எங்கே என்று கேட்டேன். "நாலு பெட்டியும் ஏத்திவிட்டோம் சார், லாரிக்காரன் தொலைச்சிருப்பான்." பார்சல் ஆபீசில் போய் எல்.ஆர். நகல், அதாவது லாரியில் சரக்கு ஏற்றியதற்கான ரசீதின் நகல் கேட்டேன். சென்னையில் அவர்கள் ஆளே கையெழுத்துப் போட்டது: பெட்டி 3. படம் எடுத்து அனுப்பினேன். அரை நாள் பதில் இல்லை. அப்புறம் கதை மாறியது. மிதவையும் உடைந்துவிட்டதாம், ஹாலைக் கூட்டுகிறவர்கள் குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டார்களாம். உடைத்தார்களா, விலை கேட்டவருக்கே விற்றார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. காப்பீடு கேட்டதற்கு குரூப் பாலிசி என்றார்கள். பாலிசி எண் வரவேயில்லை. கடைசியில் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினார்கள்: உடைந்தால் அமைப்பாளர் பொறுப்பல்ல. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கம்.

இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்கு, நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. பெட்டி வந்ததும் பிரிக்கும் முன் வீடியோவை ஓடவிடுங்கள். செய்தித்தாள், நூல், பொடி எதையும் தூக்கிப் போடாதீர்கள், என் பொடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. தவறு உண்மையிலேயே லாரியுடையது என்றால், 2007-ஆம் வருடத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், விட்டால் வழக்கே போட முடியாது. காப்பீடு இருக்கிறது என்று சொன்னால் பாலிசித் தாளை வாங்கி, உடைவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்கு அதுதான் முக்கியம்.

ஏற்பாட்டாளர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டத்துக்குப் பிறகு நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915-க்கு போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். "நீங்கள் வியாபாரத்துக்காகச் செய்தது, நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தக் கையால் சுயதொழில் செய்து பிழைக்கிறவன் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடச் சொன்னார் வக்கீல். நானும் புகார் கொடுக்கப் போவதால்தான் அவர்கள் பெயரை இங்கே போடவில்லை. பெயர் கேட்டு எனக்கு எழுத வேண்டாம்.

அவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய வாரம், யாருடையது என்றே தெரியாத ஒரு நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். ஐயாயிரம் ரூபாய் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்றேன், போன் கட்டாகிவிட்டது.

நேற்று ஒரு நண்பர் அடுத்த கண்காட்சியின் போஸ்டரை எனக்கு அனுப்பியிருந்தார். புதிய கலைஞர்களுக்கு வாய்ப்பாம், கட்டணம் 18,000 ஆகியிருக்கிறது. போஸ்டரின் நடுவில் முதல் நாள் காலையில் எடுத்த கச்சான் படம், என் பெயர் இல்லாமல். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் படைத்தவன் பெயரைச் சொல்லச் சொல்லும் உரிமை இருக்கிறது, புகாரில் அதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் போனுக்கும் அந்தப் போஸ்டர் வரலாம். நடுவில் பச்சைக் கண்ணாடிப் பாய் நின்றால் ஏடுகளை எண்ணிப் பாருங்கள். படத்தில் 34 இருக்கும். என் பின்கட்டில் நிற்பதில் 31.