லண்டனில் கிறிஸ்துமஸ் அன்று சைக்கிள் ரிக்‌ஷா: இரண்டரை கிலோமீட்டருக்கு 280 பவுண்டு

டிசம்பர் கடைசியில் லண்டன் போகத் திட்டம் போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், எங்களைப் போல ஒவ்வொரு பவுண்டையும் மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறக்கிற தம்பதிகளுக்கு. ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ், பிக்காடில்லி, கோவென்ட் கார்டன் பக்கம் கலர் லைட் சுற்றி, இளஞ்சிவப்பில் புசுபுசு துணி போர்த்தி, பாட்டை அலறவிட்டுக்கொண்டு நிற்கும் மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷாக்களில் ஏறாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸிலிருந்து பாடிங்டன் பக்கம் இருந்த எங்கள் அறைக்கு இரண்டரை கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்கு எங்களிடம் 280 பவுண்டு எடுத்துக்கொண்டான் ஒருவன். அப்போது நம் பணத்தில் சுமார் முப்பதாயிரம் ரூபாய்.

நடந்தது 2024 கிறிஸ்துமஸ் அன்று இரவு. அந்த நாளுக்கும் இந்த ஏமாற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. டிசம்பர் 25 அன்று லண்டனில் ட்யூப் என்கிற பாதாள ரயில் கிடையாது, சிவப்பு பஸ்ஸும் கிடையாது. முதல் நாள் இரவே சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள். மறுநாளும் எல்லாம் முழுசாக ஓடாது. நம்மூரில் தீபாவளி, பொங்கல் அன்றுகூட டவுன் பஸ்ஸுக்குக் குறைவில்லை என்பதால் நமக்கு இது தோன்றவே தோன்றாது. உலகத்தின் முதல் பாதாள ரயில் 1863-ல் கிளம்பியதே இந்தப் பாடிங்டனிலிருந்துதான். அப்பேர்ப்பட்ட ஊர், வருஷத்தில் ஒரு நாள் மொத்தமாகக் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறது.

எங்கள் சிக்கனக் கணக்கு முழுக்கப் பஸ்ஸை நம்பித்தான் இருந்தது. அப்போது ஒரு தடவை ஏறினால் 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் மறுபடி காசு இல்லை, எத்தனை பஸ் ஏறினாலும் ஒரு நாளைக்கு 5.25-க்கு மேல் பிடிக்க மாட்டார்கள். மாடி பஸ்ஸில் முன் சீட் கிடைத்துவிட்டால் அதுவே சுற்றுலாதான். காசு கேட்காத இடங்களும் நிறைய, ஆனால் பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும் 24, 25, 26 மூன்று நாளும் பூட்டு. 25 அன்று கிழக்கு லண்டனில் நம்மவர் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாம் போய் நல்ல தோசை சாப்பிடலாம் என்று இவர், என் கணவர், ஆசையோடு சொல்லிக்கொண்டிருந்தார். நடந்து போகிற தூரமா அது? அறையில் வைத்திருந்த பிரெட்டும் ஊறுகாயும்தான் அன்றைக்கு மதியச் சாப்பாடு.

சாயங்காலம் நடந்தே டிரஃபால்கர் சதுக்கம் போனோம். 1947-லிருந்து வருஷா வருஷம் நார்வேக்காரர்கள் அனுப்புகிற கிறிஸ்துமஸ் மரம் அங்கே நிற்கும். அப்புறம் ரீஜென்ட் தெரு. தலைக்கு மேலே சிறகு விரித்த ஒளித் தேவதைகள். இதுக்கு மட்டும் நூறு தடவை நடக்கலாம், நிஜமாகவே அழகு. ஆனால் குளிரில் இவருடைய முழங்கால் பிடித்துக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் ஸ்டேஷன் இரும்புக் கதவு முன்னால் நின்றபோது எதிரே வந்தான் அந்த ரிக்‌ஷாக்காரன்.

ஏறுவதற்கு முன்னால் விலை கேட்கவில்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேட்டோம். இரண்டு தடவை. "டென் பவுண்ட்ஸ் ஒன்லி, சிஸ்டர், மெர்ரி கிறிஸ்துமஸ்" என்றான். "பத்துதானே, வா, பாவம் அவனும் பிழைக்கணும்ல" என்று இவர் ஏறி உட்கார்ந்தார்.

பதினான்கு நிமிஷத்தில் அறை வாசல். இறங்கியதும் கூரைக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த, உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் டார்ச் அடித்துக் காட்டினான். நிமிஷத்துக்குப் பத்து பவுண்டு, அதுவும் தலைக்கு! பதினான்கு நிமிஷம், இரண்டு பேர், 280. இவர் சிரித்தேவிட்டார், விளையாடுகிறான் என்று நினைத்து. அவன் சிரிக்கவில்லை. குரல் ஏறியது. எங்கிருந்தோ இன்னொரு ரிக்‌ஷா வந்து பின்னால் நின்றது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்ததும், "ஓகே, ஹாலிடே டிஸ்கவுண்ட், எய்ட்டி" என்று இறங்கி வந்தான். எண்பது கொடுத்துத் தொலைக்கலாம் என்று இவர் கார்டை நீட்டினார். கட்டை விரலால் திரையை மறைத்தபடியே மெஷினைப் பிடித்துக்கொண்டு பின் நம்பர் போடச் சொன்னான். போட்டதுதான் தாமதம், சிட்டாகப் பறந்துவிட்டான். அறைக்குள் போய் பேங்க் மெசேஜைப் பார்த்தால், 280-க்கான ரூபாய் முழுசாகப் போயிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: அப்போது அங்கே 100 பவுண்டு வரைக்கும் கார்டைத் தொட்டாலே போதும், பெரும்பாலும் அதற்கு மேல் போனால்தான் பின் நம்பர் கேட்கும். சின்னத் தொகை என்று சொல்லிவிட்டுப் பின் நம்பர் கேட்டால், திரையை நம் கண்ணால் பார்க்காமல் ஒரு எண்ணைக்கூட அமுக்கக் கூடாது. மறைத்தால் மெஷினைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

இவ்வளவு பெரிய ஊரில் இதைக் கேட்க ஆளில்லையா? காரணம் விசித்திரமானது. 1869-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றின் கணக்கில், லண்டனில் மட்டும் இந்த ரிக்‌ஷாக்கள் டாக்ஸி என்ற வகைக்குள் வரவில்லை. அதனால் அப்போது உரிமம் தேவைப்படவில்லை, மீட்டர் தேவைப்படவில்லை, கட்டண வரம்பும் இருக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி சில ஓட்டுநர்கள் மீது வழக்குப் போட்டிருக்கிறது, பாட்டுச் சத்தம் அதிகம் என்று! காசு பிடுங்குவதை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பிடித்திருக்கிறார்கள். ஒருவழியாக 2024 ஏப்ரலில் புதுச் சட்டம் நிறைவேறி, உரிமம் கொடுக்கவும் கட்டணம் நிர்ணயிக்கவும் லண்டன் போக்குவரத்துத் துறைக்கு அதிகாரம் கிடைத்தது. நாங்கள் போனபோது அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. நீங்கள் போகும்போது உரிம வில்லை மாட்டிய வண்டிகள் வந்திருந்தால், வில்லையையும் கட்டண அட்டையையும் பார்த்துவிட்டு உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள். நான் ஏற மாட்டேன்.

அன்றைக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கறுப்பு டாக்ஸி ஓடும். 24 இரவு எட்டு மணியிலிருந்து 27 காலை ஆறு வரை நாலு பவுண்டு கூடுதல், அது மீட்டர் தொகையோடு சேரும். எங்கள் தூரத்துக்கு எல்லாம் சேர்த்து இருபதுக்குச் சற்று முன்பின் ஆகியிருக்கும் என்று மறுநாள் ஒரு டாக்ஸிக்காரரே சொன்னார். ஊபர் மாதிரி ஆப் வண்டிகளில் விலை ஏறியிருக்கும், ஆனாலும் கிளம்பும் முன்பே தொகை திரையில் தெரியும். தெருவில் காரை ஓரம் கட்டி "டாக்ஸி? டாக்ஸி?" என்று கூப்பிடுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள், முன்பதிவு இல்லாமல் அவர்கள் ஆள் ஏற்றுவதே அங்கே சட்டப்படி குற்றம். இதையெல்லாம்விட, 25 அன்று கிளம்பும்போதே திரும்பி நடக்கிற தூரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரர் கூட இருந்தால் கட்டாயம்.

ஊருக்கு வந்து வங்கியில் புகார் கொடுத்தோம். ரசீது கேட்டார்கள், அவன் தரவில்லை. வண்டியின் நம்பர் கேட்டார்கள். உரிமமே இல்லாத வண்டிக்கு நம்பர் பிளேட் எங்கே இருக்கும்? ஸ்டேட்மென்ட்டில் ஏதோ ஒரு தனி ஆளின் பெயர்தான் இருந்தது. சில வாரம் கழித்துப் பதில் வந்தது: சரியான பின் நம்பர் போட்டு நடந்த பரிவர்த்தனை என்பதால் பணத்தைத் திருப்பித் தர வழியில்லை, புகார் முடித்துவைக்கப்படுகிறது.