புளியங்கொட்டையா, விரலா?

எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் தொடங்கும்போது எதை வைத்து எண்ணச் சொல்வது? என் ஓட்டு முதலில் புளியங்கொட்டைக்குத்தான்.

கொட்டையை நகர்த்தலாம். ஒன்றைத் தொட்டு ஓரமாக ஒதுக்கி ‘ஒண்ணு’ என்று சொல்லும்போதுதான் ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பது பிள்ளைக்குப் பிடிபடுகிறது. விரலில் இது நழுவும்; வாய் ஐந்துக்குப் போயிருக்கும், கை மூன்றாவது விரலிலேயே நிற்கும். ஐந்து கொட்டைகளை நெருக்கி வைத்து எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் அதையே பரப்பி வைத்துக் கேட்டால், ‘இப்ப நிறைய இருக்கு’ என்பார்கள் பல பிள்ளைகள். பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே கவனித்துச் சொன்னது இதைத்தான். திருத்த வேண்டாம், மறுபடி எண்ணவிட்டால் போதும்.

கழித்தலுக்கும் கொட்டைதான் மேல். ஐந்தில் இரண்டைக் கிண்ணத்தால் மூடி, ‘உள்ளே எத்தனை?’ என்று கேளுங்கள். வெளியே தெரியும் மூன்றை வைத்து, மறைந்ததைப் பிள்ளை மனதில் தேடும்.

விரலின் பலம் வேறு. ஏழு என்றால் ஒரு கை முழுசும், இன்னும் இரண்டு விரலும். ஐந்தை ஒட்டிய இந்த அமைப்பு கொட்டைக் குவியலில் தெரியாது. 4+2 கேட்டால், நான்கை மனதில் வைத்து ‘அஞ்சு, ஆறு’ என்று விரல் நீட்டித் தொடரலாம். கொட்டை இருந்தால் பெரும்பாலும் ஒன்றிலிருந்தே மறுபடி எண்ணுவார்கள். விரல்விட்டு எண்ணும் பிள்ளையைக் கண்டிக்கும் பெற்றோரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இந்த வயதில் அது குறையே இல்லை.

பத்தைத் தாண்டினால் விரல் போதாது. சரி, அப்போது மறுபடி கொட்டை. பத்துப் பத்தாகக் கூறு வைக்கலாம். சின்னக் குழந்தை பக்கத்தில் இருந்தால் மட்டும் ஒரு கண் வைத்திருங்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.