கிருமியைக் கொல்லும் ஏசிபி ஷீட்: லேபர் ரூமில் போட்டுப் பார்த்த வரையில்

எங்கள் மருத்துவமனையில் லேபர் ரூம், பக்கத்துப் புரொசீஜர் ரூம், கை கழுவும் இடம் மூன்றிலும் சுவருக்கு ஆன்டிபாக்டீரியல் ஏசிபி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. திண்டுக்கல் பக்கம் சின்ன மகப்பேறு மருத்துவமனை. நான் நர்சிங் சூப்பரின்டெண்ட். சுவர் விஷயம் என் வேலை இல்லைதான். ஆனால் தொற்றுத் தடுப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது நான் என்பதால் டாக்டரம்மா கொட்டேஷனை என் மேசையில் வைத்துவிட்டார். கம்பெனி பெயர் இங்கே வராது. இந்த வகை ஷீட்டைப் பல கம்பெனிகள் விற்கின்றன, என் அனுபவமும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பொருள் புதிது ஒன்றுமில்லை. கடை முகப்புகளில் பார்க்கிறோமே, அதே ஏசிபிதான். 4 மி.மீ. கனம், இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் பிளாஸ்டிக் கோர். 8க்கு 4 அடி ஷீட். வித்தியாசம் மேல்பூச்சில் மட்டும்: பெயிண்டில் வெள்ளி அயனி கலந்திருக்கிறார்கள். அந்தக் கலப்புக்காக எங்களுக்குச் சொன்ன விலை சாதா ஷீட்டைவிடக் கால் பங்குக்கு மேலே.

"சிஸ்டர், இதுல கிருமி உட்கார்ந்தா 99.9 சதவீதம் காலி. துடைக்கிற வேலையே பாதி மிச்சம்" என்றார் விற்க வந்த தம்பி. டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்பச் சொன்னேன். மறுப்பே சொல்லாமல் அனுப்பினார், அதற்கு ஒரு மார்க் கொடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ 22196 என்ற சர்வதேசத் தர முறைப்படி செய்த சோதனை. ஜப்பானியர்களின் ஜேஐஎஸ் இசட் 2801 என்ற தரத்திலிருந்து வந்த முறை இது. பேனலில் 5 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெட்டி, அதன்மேல் பாக்டீரியா கலந்த திரவம் 0.4 மி.லி. விட்டு, காய்ந்துவிடாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் பிலிம் மூடி, 35 டிகிரி சூட்டில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு வெள்ளி இல்லாத துண்டோடு ஒப்பிட்டு எண்ணுகிறார்கள். ஈ.கோலை, ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இரண்டு பாக்டீரியாவுக்கும் ரிப்போர்ட் நன்றாகவே இருந்தது. பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் எங்கள் சுவர் அப்படியா இருக்கிறது? மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎச் ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லும் கணக்கு 21 டிகிரி, மூன்று முன்பின், ஈரப்பதம் 20 முதல் 60 சதவீதம். எங்கள் அறைகளும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடுகின்றன. ஏசி காற்றில் சுவர் காய்ந்து கிடக்கிறது. வெள்ளி வேலை செய்ய ஈரம் வேண்டும். ஈரத்தில்தான் அயனி பூச்சைவிட்டு வெளியே வந்து கிருமியின் புரதங்களைப் பிடித்து முடக்கும். தீக்காயத்துக்குச் சில்வர் சல்ஃபாடயசின் தடவிய எந்த நர்ஸுக்கும் இது கையிலேயே தெரியும். அந்தக் களிம்பு வேலை செய்கிற இடம் கசிகிற புண், காய்ந்த சுவர் இல்லை.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2009இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியை வைத்து வெள்ளி கலந்த பூச்சையும் செம்பையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். அதிக சூடும் அதிக ஈரமும் இருக்கும்போது வெள்ளிப் பூச்சு கொன்றது. சாதாரண அறைச் சூழலில் அதனிடம் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. செம்பு இரண்டிலுமே கொன்றது. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ 2008இல் செம்புக் கலவைகளுக்கு, இரண்டு மணி நேரத்தில் 99.9 சதவீதத்துக்கு மேல் கொல்லும் என்று சொல்லி விற்க அனுமதி கொடுத்தது. அதற்காகச் சுவர் முழுக்கச் செம்புத் தகடு அடிக்க யாரிடமும் காசு கிடையாது, அது வேறு கதை.

99.9 என்ற எண்ணும் காதுக்குக் கேட்கிற அளவுக்குப் பெரிதில்லை. 10 லட்சம் கிருமியில் 1,000 மிச்சம். அதுவும் ஒரு நாள் முழுக்க ஊறிய பிறகு. பிரசவம் முடிந்து அடுத்த தாயை டேபிளில் ஏற்ற எங்களுக்கு ஒரு நாளா இருக்கிறது?

எங்கள் லேபில் கொஞ்சம் ஸ்வாபும் எடுத்துப் பார்த்தோம். ஒன்று இந்தப் பேனலில், ஒன்று பழைய எனாமல் பெயிண்ட் சுவரில், இரண்டும் துடைத்த பிறகு. வளர்ச்சி இரண்டிலும் சொற்பம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் மனதுக்கு இது போதும். கட்டில் கம்பி, குழாய்ப் பிடி, கதவுப் பிடி, பிபி கஃப், எங்கள் சட்டைப்பை செல்போன், இவைதான் எப்போதும் பிடிபடுகிற இடங்கள். சுவரை யார் போய்த் தொடுகிறார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகும், பேனல் போட்டதில் எனக்குத் திருப்திதான். காரணம் வெள்ளி இல்லை, வழவழப்பு. முன்பு அங்கே பாதிச் சுவருக்கு வெள்ளை டைல்ஸ். டைல்ஸ் முகத்தில் எதுவும் நிற்காது, ஆனால் நடுவில் ஓடுகிற கிரௌட் கோடு இருக்கிறதே, அதில் பெட்டாடின் பட்டால் முடிந்தது கதை. ரத்தம், பனிக்குடத்து நீர் எல்லாம் தெறிக்கிற அறை. ஹவுஸ்கீப்பிங் அக்கா பழைய பிரஷை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாகத் தேய்ப்பார். இப்போது சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு. ஒரு கேஸுக்கும் அடுத்த கேஸுக்கும் நடுவே சுவர் உண்மையாகவே துடைக்கப்படுகிறது. முன்பு "துடைத்தாச்சு" என்று ரெஜிஸ்டரில் டிக் மட்டும் விழும்.

அதில் பெரிய பங்கு ஃபிட்டருக்கு. மூலைகளில் ஷீட்டை வெட்டி ஒட்டவில்லை. பின்பக்கம் ரௌட்டரால் வி வடிவில் பள்ளம் எடுத்து, முன் தகட்டை வெட்டாமல் விட்டு, அப்படியே மடித்துவிட்டார். அறை மூலையில் ஒட்டே இல்லை. இந்த வேலை தெரிந்த ஆளா என்று கேட்டு வையுங்கள். தெரியாதவர் வந்தால் மூலைக்கு மூலை சிலிக்கான் கோடுதான்.

அந்தச் சிலிக்கான்தான் இந்தச் சுவரின் பலவீனம். கை கழுவும் இடத்தில் சிங்குக்கு மேலே ஓடுகிற ஒட்டு சில மாதங்களிலேயே கறுத்துப் பூஞ்சை பிடித்தது. பேனலுக்குக் கிருமி எதிர்ப்பு, அதை ஒட்டுகிற பசைக்கு இல்லை! ரிப்போர்ட்டும் பாக்டீரியாவுக்கு மட்டும்தான், பூஞ்சையைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. சுரண்டி எடுத்துவிட்டு, குளியலறைக்கென்று விற்கிற பூஞ்சைத் தடுப்புச் சிலிக்கானைப் போட்டோம். அப்புறம் தொந்தரவில்லை. தரையும் சுவரும் சேருமிடத்தில் வளைவாகக் கோவிங் வர வேண்டும். பேனல்காரர் அலுமினிய எல் ஆங்கிள் ஒன்றை வைத்துவிட்டு முடிந்தது என்றார். தூசி போய் உட்காருவதற்கென்றே செய்த இடம். கடைசியில் வினைல் தரை போட்டவரைக் கூப்பிட்டு, தரையையே சுவரில் நாலு விரல் மேலே ஏற்றி மடிக்கச் சொன்னோம்.

பேனலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். சட்டம் அடித்துத்தான் ஷீட் நிற்கிறது, அதனால் பழைய சுவருக்கும் இதற்கும் நடுவே இடைவெளி உண்டு. ஓதம் ஏறுகிற சுவராக இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மூடாதீர்கள். வெளியே பளபளப்பு, உள்ளே ஈரமும் கரப்பானும் குடித்தனம் நடத்தும். ஸ்விட்ச் போர்டு, ஆக்சிஜன் அவுட்லெட் சுற்றி வெட்டிய ஓட்டைகளை அன்றைக்கே அடைக்க வைத்தேன்.

துடைப்பதிலும் ஒரு கவனம். ரத்தம் சிந்திய இடத்துக்கு நாங்கள் 1 சதவீத ஹைப்போகுளோரைட் பயன்படுத்துகிறோம். அது அலுமினியத்தை அரிக்கும். பூச்சு உள்ள முகம் தாங்கிக்கொள்கிறது. வெட்டிய ஓரத்தில் தகடு திறந்திருந்தால் அங்கே வெள்ளையாகப் பொடி கிளம்புகிறது. நேரம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு முறை துடைத்தால் போதும், இதை எழுதிச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறோம். அடி பட்டால் மட்டும் இது தாங்காது. டிரிப் ஸ்டாண்டும் டிராலியும் மோதி இரண்டு மூன்று இடத்தில் குழி விழுந்துவிட்டது, விழுந்த குழி எழும்பாது. கட்டில் உயரத்துக்கு ஒரு கார்ட் ரெயில் முதலிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தந்தது ஒன்று. வெள்ளியைப் பற்றி அரை மணி நேரம் பேசிய தம்பி, நடுவில் இருக்கிற கோர் பற்றி நானாகக் கேட்கும்வரை வாயைத் திறக்கவில்லை. சாதா பாலிஎத்திலீன் கோர் தீப்பிடித்தால் உருகி ஒழுகி எரியும். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீ மளமளவென்று மேலே ஏறியதற்கு வெளிச்சுவரில் அடித்திருந்த இந்த மாதிரிக் கோர் உள்ள பேனல்தான் முக்கியக் காரணம் என்று விசாரணையில் வந்தது. பக்கத்திலேயே ஆக்சிஜன் லைன் ஓடுகிற அறைக்கு இதைத்தானே முதலில் பேச வேண்டும்? தாதுத்தூள் நிறைந்த எஃப்ஆர் கோர், அதாவது தீ எளிதில் பரவாத கோர் என்று கேட்டு வாங்கினோம். சர்டிபிகேட்டோடு ஒரு சாம்பிள் துண்டும் வாங்கி, வெளியே கொண்டுபோய் டாக்டரம்மா முன்னாலேயே கோரில் நெருப்பு வைத்துப் பார்த்தேன். கறுத்தது, ஆனால் சுடரை எடுத்ததும் அணைந்தது.

ஐந்துக்கு எத்தனை என்றால், சுவராக நாலு, கிருமிநாசினியாக ஒன்று. அடுத்து பிரசவித்த தாய்மார் வார்டுக்குச் சுவர் வேலை வந்தபோது வெள்ளி கலக்காத எஃப்ஆர் ஷீட்டையே எடுத்தோம், மேலே பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு. மிச்சமான பணத்தில் கை கழுவும் இடத்துக்கு முழங்கையால் திறக்கிற குழாய்கள் வந்தன. சேல்ஸ் தம்பிக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. சாதா ஷீட்டையும் அவரிடமே எடுத்ததால் சீக்கிரம் சரியாகிவிட்டார்.